இரண்டு தடவை மூக்கு மாற்றிய வேன்

“அந்த ஸ்கேனர இப்படிக் குடுங்கண்ணா. இந்த வண்டிய நான் பாக்கறேன்.”

கும்மிடிப்பூண்டி சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கூடத்தில், வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, வரவேற்பில் இருக்கும் கல்பனா இப்படிச் சொன்னாள். தலைமை மெக்கானிக் குணா, வண்டியில் செருகிக் கோளாறு பார்க்கும் அந்த ஸ்கேனரை, கைக்குழந்தையைப் பிடுங்க யாரோ வந்துவிட்டதுபோல மார்போடு அணைத்துக்கொண்டான்.

கேட்கக் கூடாததைத்தான் கேட்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் ஜனார்தனன் அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். வருகிறவர்களை வரவேற்க வேண்டும். என்ன கோளாறு என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். காபி வந்ததா என்று பார்க்க வேண்டும். ஷெட்டுக்குள் இறங்கி வண்டியைக் கொடு, கருவியைக் கொடு என்று மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது. “அந்தக் கறையெல்லாம் உனக்கு எதுக்கும்மா? நீ நன்னாப் பேசற. அதுக்குத்தானே எடுத்திருக்கோம்” என்றார். கல்பனா நன்றாகப் பேசுகிறாள் என்று அதுவரை உலகத்தில் யாரும் சொன்னதில்லை. ஆர்.கே.பேட்டை பக்கத்தில் அவள் ஊரில், அவள் வாயைத் திறந்தால் வரப்பு மாறிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

நெல் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதுவும் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங். கல்லூரியில் ஒரு டீசல் இன்ஜினை நட்டு நட்டாகப் பிரித்து, மறுபடி பூட்டி, ஓடவிட்டும் காட்டியவள். அப்படிப்பட்டவளுக்கு நீலக் கோட்டும் குதிகால் உயர்ந்த கறுப்புச் செருப்பும் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். ஒன்றரை வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாடை வலித்தது.

அன்றைக்குத் தாடை தாங்காமல் போனதற்குக் காரணம், எதிரே நின்றிருந்த சந்திரகலாவும் அவள் புருஷன் பூவராகவனும். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். சொந்தமாக நெல்வயல் உண்டு. கூடவே ஒரு வேன். சுற்றுப்பட்டுப் பெண்களைத் தொழிற்பேட்டைக் கம்பெனிக்கு ஷிப்டுக்கு ஏற்றிப்போய் ஏற்றிவருகிற வேன். ஓட்டுவது பூவராகவன், மற்றதெல்லாம் சந்திரகலா. அந்த வேனின் டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்துகொண்டே இருந்தது.

“மூணாவது தபா வர்றோம் சார்,” என்றாள் சந்திரகலா, கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த ஜனார்தனனிடம். “நீங்க ரிப்பேர் பண்ணி அனுப்பறீங்க. லைட்டு பத்து நாள் தூங்குது, அப்பறம் முழிச்சிக்குது. முழிச்சிக்கினா வண்டி பாலம் ஏற மாட்டேன்னுது. உள்ள குந்திக்கினு இருக்கற பொண்ணுங்க எறங்கி நடக்கறேன்றாளுங்க. நடந்தா வண்டிய முந்திக்கறாளுங்க.”

குணா ரெண்டு தடவையும் புகைக்குழாயின் கடைசியில் இருக்கிற சென்சாரை மாற்றியிருந்தான். இப்போதும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “அதே எரர் கோடுதான் சார். பொகை சுத்தமாவல. இன்னொரு சென்சார் போட்டுரலாம்” என்று சொன்னான். அந்த இடத்தில்தான் கல்பனா குறுக்கே வந்தாள்.

“கல்பனா, இங்க வாம்மா” என்றார் ஜனார்தனன், குரலை உயர்த்தாமல். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் பண்ணுகிற குடும்பம். வண்டியின் இருக்கைக்குக்கூட வலிக்காமல் பேசுவார். “கஸ்டமர் எதிர்ல இதென்ன பேச்சு?”

“சார், அந்த சென்சாரு மூக்கு மாதிரி. நாறுதுன்னு சொல்லுது. இவரு நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம மூக்க மாத்திக்கினே இருக்காரு. ரெண்டு மூக்கு ஆச்சு. மூணாவது மூக்கு போடறதுக்கு அந்த வண்டி இன்னா பாவம் பண்ணிச்சு?”

பூவராகவன் தன்னை மறந்து சிரித்துவிட்டு, மனைவி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“தா பாரு, சர்ட்டிபிகேட்டு பேசுது,” என்றான் குணா. “நான் டெஃப் கூட செக் பண்ணிட்டேன். டெஸ்டர்ல சொட்டு உட்டுப் பாத்தா அளவு கரெக்டா காட்டுது. அதுக்கு மேல இன்னா பாக்கணும்ன்ற?”

டெஃப் என்பது இப்போது வருகிற டீசல் வண்டிகளில் தனி டேங்கில் ஊற்றுகிற தண்ணீர் மாதிரியான சமாசாரம். சுத்தமான யூரியாவைச் சுத்தமான நீரில் கரைத்தது. புகைக்குழாய்க்குள் அதைப் பீய்ச்சினால் புகையில் இருக்கிற விஷம் அடங்கும். அடங்கிற்றா இல்லையா என்று மோந்து பார்ப்பதுதான் கடைசியில் இருக்கிற அந்தச் சென்சார்.

“அந்தப் பொண்ணே பாக்கட்டும் சார்,” என்றாள் சந்திரகலா. “உங்க ஆளு ரெண்டு தபா பாத்தாச்சு. இவ பாத்தா இன்னா, வண்டி கோச்சிக்குமா?”

கூடத்தில் காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் கேட்கும்போது முடியாது என்று சொல்லக் கூடாதென்பது ஜனார்தனன் தாமே போட்ட விதி.

“சரி. பாரு. கண்டுபிடிச்சுட்டேன்னா திங்கக்கிழமைலேர்ந்து நீ ஷெட்லயே வேலை பாரு. இல்லேன்னா இந்தப் பேச்சு இதோட சரி. மறுபடி எடுக்கப்படாது. சம்மதமா?”

“எல்லாரும் கேட்டுக்கினீங்கல்ல?” என்றாள் கல்பனா கூடத்தைப் பார்த்து.

“நான் கேட்டேன்,” என்றாள் காபித் தட்டோடு நின்றிருந்த கங்கம்மா.

ஷெட்டின் வாசலில் ஒரு தடங்கல். பாதுகாப்பு ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அவள் காலுக்கு அங்கே ஷூ கிடையாது. குணா தன் பழைய ஜோடியை அலமாரிக்கு அடியிலிருந்து காலால் தள்ளிவிட்டான். “போட்டுக்கோ. ரெண்டு பேரு குடித்தனம் பண்ணலாம் உள்ள.” கல்பனா முனையில் துணியை அடைத்துக்கொண்டு போட்டாள். டொக்கு டொக்கு என்று நடந்து வேனுக்கடியில் போனாள். பல மாதத்துக்கப்புறம் மூச்சு முழுசாக விட முடிந்தது. டீசலும் கிரீஸும் சூடான இரும்பும் கலந்த அந்த வாடை, கூடத்தில் அடிக்கிற மல்லிகை ஸ்பிரேயைவிட அவளுக்கு ஆயிரம் மடங்கு பிடித்திருந்தது.

குணா மாதிரி அவள் முதலில் எரர் கோடைப் பார்க்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி, ஸ்கேனரில் ரெண்டு எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். இன்ஜினிலிருந்து வருகிற புகையின் விஷம் ஒன்று. குழாயின் கடைசியில் வெளியே போகிற விஷம் இன்னொன்று. நடுவில் டெஃப் வேலை செய்திருந்தால் ரெண்டாவது எண் சரிந்திருக்க வேண்டும். ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

“குணாண்ணா, மொதல்ல கழட்டிப் போட்டீங்களே, அந்தப் பழைய சென்சார் எங்க?”

“பழய சாமான் தட்டுல கெடக்குது. இன்னாத்துக்கு?”

“குடுங்க.”

அதைப் பூட்டிப் பார்த்தாள். அதே எண். குணா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

“மூக்கு எல்லாம் ஒரே நாத்தத்தத்தான் சொல்லுது,” என்றாள். “மூக்கு மேல தப்பில்ல.”

“அப்ப எதுக்கு நான் மாத்தனதும் லைட்டு ஆஃப் ஆவுது?”

“நீங்க மாத்திட்டு ஸ்கேனர்ல அழிக்கறீங்கல்ல? அது எல்லாத்தையும் மறந்துட்டு மொதல்லேர்ந்து கணக்குப் பாக்குது. பாத்து முடிக்க பத்து நாளாவுது. அப்பறம் மறுபடி சொல்லுது. அதுக்கு இருக்கற பொறுமை எனுக்கில்ல.”

அடுத்து டெஃப் பீய்ச்சுகிற முனையைக் கழற்றினாள். நுனியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் கொஞ்சம் கட்டும்தான். உப்பு மாதிரி உதிரும். இது உதிரவில்லை. விரலால் தேய்த்தாள், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அளவு சரி என்று டெஸ்டர் சொல்கிறது. ஆனால் இதில் எண்ணெய் எப்படி வந்தது?

டேங்கின் நீல மூடியைத் திறந்தாள். குனிந்தாள்.

ஒரு நொடியில் அவள் சர்வீஸ் சென்டரில் இல்லை. முழங்கால் சேற்றில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, யூரியாவை அள்ளி வீசிக்கொண்டு நிற்கிறாள். அப்பா பின்னாலிருந்து, கையை அகட்டி வீசுடி, ஒரே எடத்துல கொட்டாத என்று கத்துகிறார். வீசி முடித்து எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல், மத்தியானம் சோற்றில் கை வைத்தால் சோறெல்லாம் ஏறும் ஒரு கசப்பு வாசனை. கல்லூரி விடுதிக்குப் போகும்போதும் விரலிடுக்கில் இருக்குமோ என்று மோந்து மோந்து பார்ப்பாள்.

வேப்பெண்ணெய்.

“குணாண்ணா, நீங்க இத மோந்து பாத்தீங்களா?”

“பாத்தேன். யூரியான்னா நாறத்தான செய்யும்?” குணா வள்ளூர்க்காரன். பிறந்ததிலிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பலையே சுவாசித்தவன். வயலில் கால் வைத்ததில்லை. அவன்மேல் கோபப்பட முடியவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்தாள். நல்ல டெஃப் குடிதண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். இது வடித்த கஞ்சிபோல மங்கலாக இருந்தது. மேலே மெல்லிசாக ஒரு மஞ்சள் ஆடை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு டொக்கு டொக்கென்று கூடத்துக்கு வந்து பூவராகவன் எதிரே நின்றாள்.

“அண்ணா, டெஃப் எங்க வாங்கறீங்க?”

பூவராகவன் பாட்டிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மேற்கூரையைப் பார்த்தார்.

“வாங்கறதுதான். எல்லா எடத்துலயும்.”

“உரம் விக்கற சொசைட்டில வாங்கறீங்களா?”

மனிதர் தலையைச் சொறிந்தார். “இன்னா பாப்பா இது. கேன் மேல யூரியான்னு போட்ருக்கு. நம்ம மூட்ட மேலயும் யூரியான்னுதான் போட்ருக்கு. ஊட்ல மூட்ட இருக்கறப்ப வெளில எதுக்கு வாங்கணும்? ஆனா ஒண்ணு, நான் கண்டபடி கலக்கல. போன்ல வீடியோ பாத்து, தராசுல நிறுத்து, கேன் தண்ணில கரச்சி, நல்லா வடிகட்டித்தான் ஊத்தனேன். உங்க மிசினே கரெக்டுன்னு சொல்லிச்சே.”

அதில் அவருக்கு உண்மையாகவே பெருமை இருந்தது.

“அளவு கரெக்டுதாண்ணா. அதனாலதான் இவங்க ஏமாந்தாங்க. ஆனா வயலுக்குப் போடற யூரியால வேப்பெண்ண பூசிருப்பாங்க. சீக்கிரம் கரையக் கூடாதுன்னு. பயிருக்கு அது நல்லது. வண்டிக்கு அது நோவு. பீச்சற முனைய அடச்சிக்குது, பொகை அப்படியே வெளில போவுது. நீங்க வேனுக்கு மேலுரம் போட்டுக்கினு இருக்கீங்க.”

கங்கம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் சந்திரகலா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது.

“எதுல வடிகட்டன?” என்றாள் புருஷனிடம்.

“துணிலதான்.”

“எந்தத் துணி?”

பூவராகவன் மறுபடி மேற்கூரையைப் பார்த்தார்.

“யோவ். பச்சக் கர காட்டன் பொடவயா?”

“பழசுதான அது.”

“பாத்தியா பொண்ணே. நான் பொங்கலேர்ந்து தேடிக்கினு இருக்கேன். மாடில காஞ்சத கொரங்கு தூக்கிக்கினு போச்சுன்னு இந்த ஆளு சொன்னாரு. நான் பக்கத்து ஊட்டு மாடியெல்லாம் ஏறிப் பாத்தேன். கொரங்கு இங்க பேன்ட்டு போட்டுக்கினு நிக்குது.”

இந்தத் தடவை ஜனார்தனனே சிரித்துவிட்டார்.

டேங்கை முழுக்க வடித்து, சுத்தமான நீரால் திரும்பத் திரும்ப அலசினார்கள். முனையை வெந்நீரில் ஊறவைத்தார்கள். வடிகட்டி புதிது போட்டார்கள். சீல் உடைக்காத கேனிலிருந்து டெஃப் ஊற்றினார்கள். குணா முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினான். பிறகு தானே அடியில் படுத்து, அவளுக்கு எட்டாத போல்ட்டைக் கழற்றினான். “உன் வாய்க்கு இந்த எண்ணெயத் தடவனா நல்லாருக்கும்” என்றான். “உங்க மூக்குக்குத் தடவுங்க, பழகட்டும்” என்றாள். அந்த அளவுக்கு ராசியாகிவிட்டார்கள்.

குணா ஸ்கேனரில் லைட்டை அழிக்கப் போனபோது கல்பனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாண்ணா. நாம அழிச்சா அது பொய்யி. அதுவா பாத்து அணைக்கட்டும்.”

மத்தியானத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் கிளம்பினார்கள். பூவராகவன் ஓட்ட, கல்பனா முன்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு. பின்னால் சந்திரகலா, காலி வேனில் எந்தச் சீட்டில் உட்காருவது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கவரைப்பேட்டை வரை போய், வண்டியை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்பித் திரும்ப வேண்டும். அப்படி ரெண்டு மூன்று தடவை. சந்திரகலா ரோட்டோரக் கடையில் போண்டா வாங்கி வந்து கல்பனாவின் வாயிலேயே திணித்தாள். “கைய எடுக்காத, நீ நம்பரையே பாரு.”

முதல் ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாவதில் கடைசி எண் தயங்கித் தயங்கிக் கீழே வந்தது. அப்புறம் சரசரவென்று சரிந்தது. முன்னெண் அப்படியே இருக்க, பின்னெண் ஒற்றை இலக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் கல்பனா வாயிலிருந்த போண்டாவை மெல்ல மறந்தாள்.

பாலம் வந்தது. பூவராகவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். வேன் ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. முன்னால் போன லாரியை முந்தவும் செய்தது. “ஏறுது பாரு. தோ பாரு, ஏறுது” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாகக் கிளப்பியபோது மஞ்சள் லைட் ஒரு கணம் எரிந்து, எல்லா லைட்டுகளோடும் சேர்ந்து அணைந்தது. மறுபடி வரவில்லை.

“நீ எங்ககூட வந்துடு கண்ணு,” என்றாள் சந்திரகலா பின்னாலிருந்து. “வெளயாட்டுக்குச் சொல்லல. எங்க லைன்ல வேன் வெச்சிருக்கறவங்கல்லாம் சேந்து கவரப்பேட்டைல ஒரு ஷெட்டு எடுத்திருக்கோம். டயரு மாத்த, ஆயில் மாத்த ஆளு இருக்குது. இந்த லைட்டு பேஜாரு பாக்கத்தான் ஆளு இல்ல. ஒவ்வொரு வேனும் இதே கததான்.”

“அவங்களும் பொடவல வடிகட்டறாங்களாக்கா?”

“யாரு கண்டா. ஒவ்வொரு ஊட்லயும் பொடவய எண்ணச் சொல்றேன்.”

கல்பனா சிரித்தாள். “திங்கக்கெழமேர்ந்து நான் எங்க ஷெட்லயே இருப்பேன்க்கா. சார் எல்லார் எதிர்லயும் சொன்னாருல்ல.”

“சொன்னாரு,” என்றாள் சந்திரகலா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்வீஸ் சென்டரின் பின்வாசலில் வேனை நிறுத்தினார்கள். பூவராகவன் இன்ஜினை அணைக்க மறுத்துவிட்டார். அணைத்தால் லைட் மறுபடி வந்துவிடுமோ என்று பயம். “நீ போய்ச் சொல்லிட்டு வா பாப்பா. இது ஓடட்டும்.”

கல்பனா குணாவின் ஷூவோடு கூடத்தைத் தாண்டிப் போனாள். ஜனார்தனனின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தலைமை அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமா சார், ஃபீல்ட் யூரியா. ரொம்ப அபூர்வமான கேஸ். நம்ம குணாதான் கண்டுபிடிச்சான். கெட்டிக்காரன். ஆமா, அவன் பேர்லயே அனுப்பிச்சுடறேன்.”

அவள் கதவில் கை வைத்தபடி நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வழக்கமாக அது உள்ளங்காலில் கிளம்பி காதில் வந்து நிற்கும். இன்றைக்கு வந்த வேகத்திலேயே ஏதோ முடிச்சு அவிழ்ந்த மாதிரி லேசாகிவிட்டது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு உள்ளே போனது, அவர் இதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று கேட்கத்தான்.

அழகாகத்தான் சொன்னார்.

“உக்காரும்மா. ரொம்ப நன்னாப் பண்ணின. உன்ன சீனியராப் போடச் சொல்லிருக்கேன். புது டேபிள், தனி கம்ப்யூட்டர். ஷெட் விஷயம் ஒரு பேச்சுக்குச் சொன்னது, நீ தப்பா எடுத்துக்கப்படாது. அங்க டிரஸ் மாத்திக்க லேடீஸுக்குத் தனி ரூம் கிடையாது. அவ்வளவு ஏன், உன் காலுக்கு ஷூவே கிடையாது பாரு.”

“நீங்க பேச்சுக்குச் சொன்னீங்க சார். நான் நெசமா பாத்துட்டேன்.”

“அதுக்கில்லம்மா.”

“குணாண்ணா பேர்ல போட்டீங்களே, அவரக் கேட்டீங்களா?”

குணா வாசலில்தான் நின்றிருந்தான். கந்தையில் கை துடைத்துக்கொண்டே, “என் பேரு வேணாம் சார். நாளைக்கி எவனாவது விளக்கிச் சொல்லுன்னு கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? அந்த நாத்தம் எனுக்கு இன்னும் தெரியல” என்றான்.

கல்பனா நீலக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு ஷெட் வாசலுக்குப் போய், அங்கே கழற்றிப் போட்டிருந்த கறுப்புச் செருப்பைக் கொண்டுவந்து, குதிகால் அவர் பக்கம் பார்க்கும்படி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என் காலுக்குச் சரியா இருந்திச்சி சார். வேற யாருக்காவது குடுங்க.”

“யோசிச்சுச் சொல்லும்மா. ரெண்டு நாள் டயம் எடுத்துக்கோ.”

“யோசிச்சிட்டுத்தான் சார் உள்ள வந்தேன்.”

குணா வழி விட்டான். குனிந்து அவள் காலைப் பார்த்தான்.

“ஷூவ கழட்டட்டாண்ணா?”

“போட்டுக்கினு போ. புதுசு வாங்கனப்பறம் குடு.”

கூடத்தில் கங்கம்மா காபி நீட்டினாள். நின்றபடியே ஒரு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள் கல்பனா. முன்பக்கத்துக் கண்ணாடிக் கதவை விட்டுவிட்டு, ஷெட்டின் நடுவே, தூக்கி நிறுத்திய வண்டிகளுக்கு இடையில், டொக்கு டொக்கென்று நடந்து பின்வாசல் வழியாக வெளியே போனாள். அங்கே வேன் இன்னும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.